கடைசித் தாளை முதலில் வைத்த வெள்ளிக்கிழமை

ஓவர்ஹெட் புரொஜெக்டரின் சுவிட்சைத் தட்டினேன். உள்ளே இருந்த சின்ன விசிறி கரகரத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது. கையிலிருந்த தாள்கட்டில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த தாளை உருவி, கண்ணாடியின் மேல் வைத்தேன்.

சுவரில் பெரிய எழுத்தில் விழுந்தது: முடிவுகள்.

"அம்மா, கட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாயா?" என்று கேட்டார் சேஷகிரி சார்.

"இல்லை சார். முடிவிலிருந்துதான் ஆரம்பிக்கப்போகிறேன்."

அறையில் ஒரு சலசலப்பு. ஜன்னல் ஓரத்தில் கமர் மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று அந்த அறைக்கு வந்த யாருக்கும் தெரிந்ததில்லை.

ஹைதராபாத்தின் மாதாப்பூர்ப் பக்கம் பாறைகளை வெடிவைத்துப் பெயர்த்து, அந்த இடத்தில் மென்பொருள் நிறுவனங்களுக்குக் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. வெடி போடும்போதெல்லாம் எங்கள் பல்கலைக்கழக ஜன்னல்கள் லேசாக அதிரும். உலகம் எங்கேயோ வேகமாகப் போகிறது என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே தகவல் அதுதான். சென்ற வாரம் இதே பத்தியில், நூலகத்து ஜெராக்ஸ் வரிசையில் நான் சேர்த்துவைத்த பொறுமையைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தச் சேமிப்பு முழுவதும் இந்த ஒரே மாலையில் தீர்ந்துபோனது.

அந்த அறையின் சட்டங்கள்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று மணிக்கு ஆய்வு செமினார். பொருளாதாரத் துறையும் கணிதத் துறையின் உகமப் பிரிவும் சேர்ந்து நடத்துவது. தனித்தனியாக நடத்தினால் இரண்டுக்கும் ஆள் சேராது என்பதுதான் இந்தக் கூட்டணியின் அடிப்படைக் கொள்கை.

உகமம் என்றால், கையில் இருப்பதை வைத்துக்கொண்டு எது மிகச் சிறந்த ஏற்பாடு என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது. என் அம்மா இதைச் சிக்கனம் என்பார். "இதுக்கு எதுக்கு பிஎச்.டி.?" என்றும் கேட்பார்.

எனக்கு எதையும் பட்டியலாக்கினால்தான் மனத்தில் நிற்கும். சேர்ந்த முதல் மாதத்தில் அந்த அறையின் நடைமுறைகளை இப்படி வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்:

1. பொருளாதாரக்காரர்கள் ஜன்னல் பக்கம். கணிதக்காரர்கள் கரும்பலகைப் பக்கம். நடுவில் ஒரு வரிசை நாற்காலி எப்போதும் காலி.

2. சந்தேகம் வந்த கணமே குறுக்கிட்டுக் கேட்கலாம். சந்தேகம் வராவிட்டாலும் கேட்கலாம்.

3. பேச வந்தவர் மூன்றாம் தாளைத் தாண்ட முடியாது.

4. நாலரைக்குச் சமோசா வரும். அதற்குமேல் எந்தத் தேற்றமும் நிற்காது.

மூன்றாவது சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் மீறியவரும் இல்லை. ஒருமுறை டில்லியிலிருந்து ஒரு பேராசிரியர் பெட்டி நிறையத் தாள்களோடு வந்தார். விமானத்தில் வந்தவர். இரண்டாம் தாளின் இரண்டாவது வரியில் 'ஒரு சாதாரண நுகர்வோரை எடுத்துக்கொள்வோம்' என்றார். யார் சாதாரணம் என்று ஜன்னல் பக்கம் கேட்டது. எடுத்துக்கொள்ள முடியும் என்று எப்படித் தெரியும் என்று கரும்பலகைப் பக்கம் கேட்டது. சமோசா வரும்வரை அந்த நுகர்வோரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது அவர், "மிகவும் பயனுள்ள விவாதம்" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. சமோசாவில் மிளகாய் அதிகம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு தலைவர். ஜன்னல் பக்கத்துக்குக் கமர் மேடம். பழைய ஹைதராபாத் குடும்பம். ஆங்கிலத்தில் ஆரம்பித்து ஊர் உருதுவில் முடிப்பார். எந்தச் சமன்பாட்டைக் காட்டினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "இன்ட்யூஷன் க்யா ஹை?" அதாவது, கணக்கை விடு, இது ஏன் இப்படி இருக்கிறது என்று என் வீட்டுச் சமையல்காரருக்குப் புரிகிற மாதிரி சொல்.

கரும்பலகைப் பக்கத்துக்கு சேஷகிரி சார். அவர் சமையல்காரரை நம்பமாட்டார், தன்னையும் நம்பமாட்டார். "இருப்பதிலேயே சின்னக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டம்மா" என்பார். பெரிய தேற்றங்கள் பல அந்தச் சின்னக் கணக்கில் தடுக்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ட்ரையல் ரன்

அந்த வெள்ளிக்கிழமை பேச வேண்டியவள் நான். அது சாதாரணப் பேச்சு இல்லை. என் ஆய்வைத் தொடரலாமா கூடாதா என்று குழு முடிவுசெய்யும் நாள். குழுவில் மூன்று பேர்: கமர் மேடம், சேஷகிரி சார், என் வழிகாட்டி மூர்த்தி சார். மூவரும் கையெழுத்துப் போட்டால் பிஎச்.டி. தொடரும். போடாவிட்டால் உதவித்தொகை அந்த மாதத்தோடு நின்றுவிடும்.

விதிமுறைப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. மாணவர் தமது முடிவுகளைக் குழுவின் முன் வைத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் முடிவுகள் கடைசித் தாளில் இருக்கும். அறையின் சட்டமோ மூன்றாம் தாளோடு சரி. இப்படி இரண்டு நிபந்தனைகள் ஒன்றையொன்று சந்திக்கவே முடியாத கணக்கை எங்கள் துறையில் 'தீர்வற்றது' என்று எழுதிவிட்டு எழுந்துபோவார்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர் அப்படியே எழுந்து மாதாப்பூருக்குப் போய்விட்டார்கள்.

நான் எழுந்துபோக விரும்பவில்லை. அதனால்தான் கடைசித் தாளை முதலில் வைத்தேன்.

வீட்டில் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீடு ஏ.எஸ்.ராவ் நகரில். அப்பா பொதுத்துறை எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் என்ஜினீயர். பாளையங்கோட்டையிலிருந்து வேலைக்காக வந்தவர், பேச்சு மட்டும் இன்னும் பாளையங்கோட்டையிலேயே இருந்தது. எனக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். வெள்ளிக்கிழமை குழு கையெழுத்துப் போட்டால் படிப்பு, இல்லையென்றால் திங்கட்கிழமை நிறுவனத்தின் பஸ் என்று அப்பாவும் நானும் பேசி முடிவுசெய்திருந்தோம். இந்த விஷயத்தில் தான் நடுநிலை என்று அப்பா அறிவித்திருந்தார்.

அந்த வாரம் ஒரு நாள் காலையில் அவர் வெளியே போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றினார்.

"கம்பெனி பஸ் ஏழு மணின்னு போட்டிருக்கான். ஆனா ஏழேகாலுக்குத்தான் வருது."

"யாரைக் கேட்டீங்க?"

"கேக்க என்ன இருக்கு? பெட்ரோல் பங்குக்கு எதிர நின்னு பாத்தேன். ஒரு ட்ரையல் ரன்."

"அப்பா, நான் இன்னும் சேரவே இல்ல."

"நானும் ஏறவே இல்லையே. நின்னுதானே பாத்தேன்?"

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "வண்டி வாங்குததுக்கு முன்னாலயே ஹாரன் அடிச்சுப் பாக்குத மனுசன்லா அவுக."

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் தம்பி, நாங்கள் தமிழில் என்ன பேசினாலும் தெலுங்கில்தான் பதில் சொல்வான். "அக்கா வெள்ளதுலே" என்றான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அக்கா போகமாட்டாள், விடுங்கள் என்று அர்த்தம். வீட்டில் என் பக்கம் விழுந்த ஒரே ஓட்டு. அதுவும் வேறு மொழியில்.

எனக்கு அந்த அறை வேண்டும். அவ்வளவுதான் காரணம். ஒரு 'ஆகவே' சரியா தவறா என்று வயதானவர்கள் முகம் சிவக்கச் சண்டை போட்டுவிட்டு, ஒரே தட்டிலிருந்து சமோசா எடுத்துக்கொள்கிற வேறு இடம் எதையும் நான் பார்த்ததில்லை. இதை நேர்முகத் தேர்வில் சொல்ல முடியாது. அப்பாவிடம் சொல்லவே முடியாது.

பிரவீண் விட்டுப்போன சொத்து

என் ஆய்வு பஸ் நிறுத்தங்களைப் பற்றியது. ஒரு குடியிருப்பில் எந்த இடத்தில் நிறுத்தம் வைத்தால் அங்குள்ளவர்கள் எல்லோரும் நடக்கிற மொத்த தூரம் மிகக் குறையும்? இதுதான் கேள்வி.

இதற்காக லோத்குண்டாவிலும் பாலாநகரிலும் எங்கள் பேட்டையிலும் அட்டையும் பேனாவுமாக நின்று, எங்கே குடியிருக்கிறீர்கள், எந்த நிறுத்தத்தில் ஏறுகிறீர்கள் என்று கேட்டேன். லோத்குண்டாவில் காய்கறிப் பை வைத்திருந்த ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கைக்கு பூச்ரைன்? பஸ் லாத்தைன் க்யா?" எதற்குக் கேட்கிறாய், கேட்டால் பஸ்ஸைக் கொண்டுவந்துவிடுவாயா என்று. அந்த அறையில்கூட அவ்வளவு கூர்மையான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

வெளியே போவதற்கு முன் ஒத்திகையாக வீட்டில் அப்பாவிடம்தான் முதலில் கேட்டேன். பிறகு எல்லாப் பதில்களையும் கணினியில் ஏற்றும்போது ஒத்துவராதவற்றை நீக்கினேன். வீட்டுக்கு எதிரிலேயே நிறுத்தம் இருக்க, எங்கேயோ இருக்கும் நிறுத்தத்துக்கு நடந்துபோவதாகச் சிலர் சொல்லியிருந்தார்கள். கேள்வி புரியாமல் சொன்னதாக இருக்கும் என்று கழித்துவிட்டேன். இதற்குத் தரவைச் சுத்தம் செய்வது என்று பெயர். வீடு பெருக்குவது மாதிரிதான். சில சமயம் மோதிரமும் குப்பையோடு போய்விடும்.

கணக்குப் போடும் நிரல் நான் எழுதியதில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்தவனான பிரவீண் எழுதியது. ஒரு பால் பண்ணையின் லாபத்தைப் பெருக்க அவன் உருவாக்கியது. பிறகு அவனும் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்விட்டான். போகும்போது ஒரு ஃப்ளாப்பியை என் கையில் வைத்து, "எதையும் தொடாதே, ஓடும்" என்றான்.

பாலை எடுத்துவிட்டு நடையை வைத்தேன். வேறு எதையும் தொடவில்லை. ஓடியது.

வந்த முடிவு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பெரும்பாலான குடியிருப்புகளில் நிறுத்தம் மக்கள் நெருக்கமாக இருக்கும் நடுப்பகுதியில் வரவில்லை, ஓரத்தில் வந்தது. நான் படம் எதுவும் வரையவில்லை. இடங்களுக்கு லோ-1, லோ-2 என்று பெயர் வைத்து அட்டவணையாகத்தான் வைத்திருந்தேன். என் அட்டவணைகள் அழகாக இருக்கும். மூர்த்தி சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் எதையுமே கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். "யாரும் எதிர்பார்க்காத முடிவு. நல்லது. எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கு" என்றார்.

மூன்று விளக்கங்கள்

இனி அறைக்குத் திரும்புகிறேன். சுவரில் என் முடிவு ஒளிர்ந்துகொண்டிருந்தது: 'மிகச் சிறந்த நிறுத்தம் குடியிருப்பின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது.'

பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. இங்கே தமிழில் தருகிறேன். கமர் மேடத்தின் சில சொற்களை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

"இன்ட்யூஷன் க்யா ஹை, பேட்டா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே கையை உயர்த்தினார்.

"நக்கோ, நீ சொல்லாதே. நான் சொல்கிறேன். நான் காலேஜ் படிக்கும்போது வீட்டு வாசலில் ஏறவேமாட்டேன். பின்னால் நடந்துபோய் பஸ் கிளம்பும் இடத்தில் ஏறுவேன். கைக்கு? ஸீட்! நடை ஒரு செலவு, ஸீட் ஒரு லாபம். ஜனங்கள் ஓரத்துக்குப் போவார்கள். ஹவ் கி நை?"

"ஹவ், ஹவ்" என்று ஆமோதித்தது ஜன்னல் பக்கம் மொத்தமும்.

அவருக்குப் பின்னால் இருந்த ஒருவர், இது ஸீட் விவகாரமே இல்லை, யாரும் தங்கள் வாசலில் இரைச்சலை விரும்புவதில்லை என்றார். இன்னொருவர், இரைச்சல் இருக்கும் இடத்தில்தான் டீக்கடை வரும், டீக்கடை வந்தால் ஜனங்களும் வருவார்கள், ஆகவே ஓரம்தான் நாளைய நடு என்றார். மூன்று விளக்கமும் ஒன்றோடொன்று மோதின. மூன்றும் கேட்க அழகாக இருந்தன. என் முடிவு எனக்கே அவ்வளவு நன்றாக அதுவரை விளங்கியதில்லை. பெருமையாகக்கூட இருந்தது. நான் வைத்தது ஒரே தாள். ஒரு மணி நேரமாக அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்கள் என் தேர்வாளர்கள்.

கரும்பலகைப் பக்கத்துக்குத்தான் வேலையே இல்லாமல் போயிற்று. சேஷகிரி சார் சம்பிரதாயத்துக்காகக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"எல்லாம் சரி. சின்னக் கணக்கு ஒன்று காட்டம்மா. ஒரே தெரு. ஒரே நிறுத்தம். அதோடு முடித்துவிடலாம்."

மூர்த்தி சார் கண்ணைத் திறக்காமலே பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அட்டவணையில் சின்னதாக ஒன்றைத் தேடினேன். லோத்குண்டாவில் ஒரு தெரு. ஐந்து இடங்களில் எங்காவது ஒரு நிறுத்தம். நிரல் தேர்ந்தெடுத்தது லோ-5. சாக்பீஸை எடுத்து நீளமாக ஒரு கோடு கிழித்தேன். முனையில் லோ-1, மெயின் ரோடு. அடுத்து லோ-2, மளிகைக்கடை. வீடுகள் முக்கால்வாசி அதைச் சுற்றித்தான். லோ-3, லோ-4. கடைசியில் லோ-5.

லோ-5 என்று எழுதும்போதுதான் அந்த இடம் என் கண்ணுக்கு வந்தது. ராணுவ நிலத்தின் மதில் சுவர். ஒரு வேப்பமரம். உள்ளே வரக் கூடாது என்று ஒரு பலகை. அங்கே ஒரு வீடுகூடக் கிடையாது. பட்டியல் நாலில் நின்றால் மொட்டையாக இருக்கிறதே என்று ஐந்தாவதாக நான்தான் அதைச் சேர்த்தேன்.

லோ-2இல் நிறுத்தம் வைத்தால் எல்லோரும் நடக்கும் தூரத்தைக் கூட்டினேன். சின்ன எண். லோ-5க்குக் கூட்டினேன். வீடுகளிலிருந்து மிகவும் தள்ளி இருப்பது அதுதான்; ஐந்திலும் பெரிய எண் அதுவாகத்தான் இருக்க முடியும்.

சாக்பீஸ் பலகையிலேயே நின்றது.

சமோசாவுக்கு முன்னால்

சரியாக அந்த நேரத்தில் சமோசாத் தட்டு உள்ளே வந்தது. அறை முழுக்க வெங்காயமும் சூடான எண்ணெயும் மணத்தன. நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"பேட்டா, ஓரம் வந்திருக்கிறதில்லையா? அதைத்தான் நான் சொன்னேன்" என்றார் கமர் மேடம், எழுந்தபடி.

சேஷகிரி சாரின் பார்வை பலகைக்கும் தட்டுக்கும் நடுவில் இருந்தது. "சின்னக் கணக்கு சில சமயம் விதிவிலக்காகத்தான் நிற்கும். டீ ஆறிவிடும்."

மூர்த்தி சாரின் பேனா தாளைத் தொட இன்னும் ஒரு விரல்கடை தூரம்தான். நான் செய்ய வேண்டியதெல்லாம் டஸ்டரை எடுப்பது மட்டும்.

பலகையில் என் கையெழுத்தில் இரண்டு எண்கள் இருந்தன. அவற்றை அழித்துவிட்டு அந்த அறையில் இன்னும் நாலு வருடம் உட்கார முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த அறை வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டேனோ அந்த அறையில் இதைச் செய்ய முடியாது.

"மேடம், இது மிகச் சிறந்த நிறுத்தம் இல்லை" என்றேன். "இருப்பதிலேயே மிக மோசமான நிறுத்தம்."

எல்லோரும் நின்றார்கள். ஒருவர் சமோசாவைக் கையில் பிடித்தபடி, கடிக்காமல் நின்றார்.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்திருந்தது. எங்கள் கணினியில் இருந்த மென்பொருளுக்கு எதையும் குறைக்க மட்டும்தான் தெரியும், பெருக்கத் தெரியாது. பிரவீணுக்கோ பால் பண்ணையின் லாபத்தைப் பெருக்க வேண்டும். அதனால் லாபத்துக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டுக் கொடுத்திருந்தான். மைனஸ் லாபம் குறையக் குறைய லாபம் கூடும். அவனுக்குச் சரியாக வந்தது. நான் லாபத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் நடையை வைத்தேன். மைனஸைத் தொடவில்லை. எதையும் தொடாதே என்று சொல்லியிருந்தானே. ஆகவே நிரல் மிகுந்த விசுவாசத்தோடு, நகரத்து ஜனங்களை எவ்வளவு அதிகமாக நடக்கவைக்க முடியுமோ அவ்வளவு நடக்கவைத்திருந்தது.

இதை அப்படியே அவர்களிடம் சொன்னேன்.

முதலில் சிரித்தது கமர் மேடம்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஒரு மணி நேரமாக இதற்கா நாங்கள் இன்ட்யூஷன் சொன்னோம்? யா அல்லா!" பிறகு சட்டென்று நிறுத்தினார். "ஆனால் நான் பின்னால் நடந்துபோய் ஏறியது நிஜம். அதில் மைனஸ் கிடையாது."

ஓரம்தான் நாளைய நடு என்றவர் இதற்குள் பக்கத்தில் இருந்தவரிடம், "நடுவில்தான் வரும் என்பது யோசித்தால் இயல்புதானே? அதன் இன்ட்யூஷன் என்னவென்றால்..." என்று ஆரம்பித்துவிட்டார்.

சேஷகிரி சார் பலகைக்கு அருகில் வந்து அந்த இரண்டு எண்களையும் நெடுநேரம் பார்த்தார். "எல்லோரும் சிறந்ததையே தேடுகிறார்கள். நீ மிக மோசமானதைத் துல்லியமாகக் கண்டுபிடித்திருக்கிறாய். எவ்வளவு முட்டாள்தனமாக நிறுத்தம் வைத்தாலும் இதற்குமேல் நடக்கவைக்க முடியாது. இதுவும் ஒரு தேற்றம்தான்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை என்பது எனக்குப் புரிய சில வருடங்கள் ஆயின.

கையெழுத்து விஷயத்தில் சண்டை வந்தது. "முடிவுகளை முன்வைக்க வேண்டும் என்றுதான் விதி. சரியான முடிவுகளை என்று எங்கே போட்டிருக்கிறது?" என்றார் கமர் மேடம்.

"அப்படியானால் இத்தனை வருடமாக நாம் எதற்குக் கேள்வி கேட்டோம்?" என்றார் சேஷகிரி சார்.

"பழக்கம்."

மூர்த்தி சார் கண்ணைத் திறந்தார். அவருக்கு அவ்வளவு பெரிய கண்கள் என்று அன்றுதான் பார்த்தேன். பேனாவை மூடினார்.

"திங்கட்கிழமை பதினொரு மணி. ஒரே ஒரு தாள் கொண்டு வா. மறுபடி பார்க்கிறோம்."

"சார், திங்கட்கிழமை..."

"ஏன், வேறு எங்கேயாவது போக வேண்டுமா?"

ஒரு சமோசாவை எடுத்துக்கொண்டேன். ஆறிப்போயிருந்தது.

ஷூ வாங்கக் கிளம்பியது

பல்கலைக்கழக கேட்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். செகந்திராபாத்தில் எனக்குக் கறுப்பு ஷூ வாங்குவது திட்டம். நடுநிலை என்பது அப்பாவிடம் அந்த அளவில் இருந்தது.

"என்னட்டி சொன்னாங்க?"

"பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்லப்பா. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி வரச் சொல்லிட்டாங்க."

"திங்கட்கிழமை கம்பெனி பஸ்லா வருது?"

"ஏழேகாலுக்கு."

அப்பா தொண்டையைச் செருமினார். "என்ன தப்பாம்?"

"ஒரு மைனஸ்."

"ஒரு வருச வேலை ஒரு மைனஸ்லயா நின்னுச்சு? யாரு கண்டுபிடிச்சா?"

"நான்தான்."

"நீ சொல்லாம விட்டிருந்தா?"

"கையெழுத்துப் போட்டிருப்பாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். ஆலையில் ஒரு சர்க்யூட் பலகையில் விளக்கு எரிய வேண்டிய இடத்தில் எரிந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஸ்டாப்பை விட்டு விலகி, பஸ் வரும் திசையைப் பார்த்து.

"அப்பா, ஸ்டாப் இங்க இருக்கு."

"தெரியும். பஸ் கெளம்புத எடத்துக்கே போயிருவோம். இங்கன ஏறினா செகந்திராபாத் வரைக்கும் தொங்கிக்கிட்டுத்தான் போணும்."

நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"வேலைல சேந்த நாள்லருந்து. வீட்டுக்கு எதிர ஏறினா எவன் எடம் கொடுப்பான்?"

"பின்ன நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேன்லா! 'வாசல்ல ஸ்டாப் இருக்கும்போது அங்க எதுக்குப் போவீங்க, கேள்வியை ஒழுங்காக் கேட்டுப் பதில் சொல்லுங்க'ன்னு நீதான் சத்தம் போட்ட. சரி, படிச்ச புள்ள, அதுக்குத் தெரியாததான்னு பேசாம இருந்துட்டேன்."

மாதாப்பூர்ப் பக்கம் வெடி போட்டார்கள். தரை லேசாக அதிர்ந்தது. சாலை ஓரத்தில் எங்களைப் போலவே இன்னும் சிலர் பஸ் கிளம்பும் இடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். ஆபீஸ் பை, டிபன் கேரியர், கையில் குழந்தை. தினமும் அந்தக் கேட்டில் நின்று பஸ் ஏறியவள் நான். அவர்களை அதுவரை கவனித்ததே இல்லை. என் கணக்கில் அவர்கள் எல்லோரும் கேள்வி புரியாதவர்கள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் எனக்கு. நாங்கள் முதலில் நின்ற கேட்டில் பஸ் வந்தபோது ஜனம் முண்டியடித்து ஏறியது. ஒருவரின் முழங்கை அப்பாவின் காதை உரசியபடி மேலே கம்பியைப் பிடித்தது. அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. உட்கார்ந்திருப்பவனின் சாந்தம் அவர் முகத்தில் இருந்தது.

டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்பம் திங்கட்கிழமை எட்டு மணி பஸ்ஸப் பிடி. பின்னால நடந்துபோயி ஏறிக்கோ. உக்காந்தா அந்தத் தாளை ஒருதடவ பாத்துக்கிடலாம்."

"அப்போ அந்த கம்பெனி பஸ்?"

"அது ஏழேகாலுக்கு வந்து நிக்கும். யாரும் ஏறலன்னா போயிரும். நான்தான் பாத்திருக்கேன்லா."

செகந்திராபாத்தில் ஷூக்கடை விளக்குகள் ஜன்னலில் வந்து போயின. இறங்கி, நேராக வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தோம்.

சனிக்கிழமை முழுவதும் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். அப்பா முதலில் சொன்ன பதிலில் தொடங்கி, நீக்கிவைத்த பதில்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினேன். ஸீட்டுக்கும் கணக்கில் ஓர் இடம் கொடுத்தேன். நிரல் ஓடுமோ ஓடாதோ என்று பயந்துகொண்டே முதல்முறையாக அதைத் தொட்டேன். ஓடியது.

திங்கட்கிழமை அந்த அறையில் சமோசா கிடையாது. கமர் மேடம் சுவரைப் பார்த்து, "பார்த்தீர்களா? ஸீட்!" என்று சேஷகிரி சாரின் பக்கம் திரும்பினார். சேஷகிரி சார் சின்னக் கணக்கு கேட்டார், போட்டுக் காட்டினேன், நின்றது. மூர்த்தி சார் கண்ணை மூடிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

நான் கொண்டுபோயிருந்தது ஒரே ஒரு தாள். அதில் ஒரு மைனஸ் குறைந்திருந்தது. ஓர் அப்பா கூடியிருந்தார்.